ஸ்ட்ராஸ்பர்கில் கை தூக்கியதை நம்பி வேலையை விடாதீர்கள்

போன வாரம் திருச்சிக்காரத் தம்பி ஒருவர் போன் செய்தார். முனைவர் பட்டம் முடித்துவிட்டு ஊரில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர். இங்கே பெல்ஜியத்தில் ஒரு சிறிய நிறுவனம், ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடக்கப்போகும் திட்டம் ஒன்றில் அவருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. அக்டோபரில் ஸ்ட்ராஸ்பர்கில் கூடும் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஆராய்ச்சிக்கான ஒதுக்கீட்டைக் கூட்டச் சொல்லி ஓட்டுப் போட்டதும், "பணம் வந்துவிட்டது, ஜனவரியில் சேர்ந்துவிடலாம்" என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். தம்பி கல்லூரி வேலையை ராஜினாமா செய்துவிட்டார். டிசம்பரில் நிறுவனம் கையை விரித்துவிட்டது. "அக்கா, ஓட்டெடுப்பில் ஜெயிச்சதா நியூஸ்லயே வந்துச்சே" என்கிறார்.

நான் பிரஸ்ஸல்ஸில் இந்த மாதிரி திட்டங்களுக்குக் கணக்குப் பார்ப்பவள். இப்படி ஒரு போன் வருவது இந்த வருடத்தில் நான்காவது முறை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அந்த அக்டோபர் ஓட்டு. ஒன்றியத்தின் ஆண்டு பட்ஜெட்டை அதன் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் கோடையில் முன்வைக்கும். உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் உட்காரும் கவுன்சில் அதில் வெட்டும். நாடாளுமன்றம் வெட்டியதைத் திருப்பிப் போட்டு மேலேயும் கொஞ்சம் கேட்கும். அக்டோபரில் நடப்பது இந்தக் கேட்பு மட்டும்தான். அதற்கப்புறம் இரண்டு தரப்பும் 21 நாள் சமரசக் குழுவில் உட்கார்ந்து பேரம் பேசும், அதில் முடிவாவதுதான் பட்ஜெட். அந்த 21 நாளில் ஒத்துவராமல் போனதும் உண்டு: 2010, 2012, 2014, 2018 நவம்பர்களில் அப்படி நடந்து, ஆணையம் புதிதாக ஒரு வரைவு போட்டு, டிசம்பரில்தான் நிறைவேறியது. டிசம்பரிலும் முடியாவிட்டால் ஜனவரியிலிருந்து மாதத்துக்குப் போன வருட பட்ஜெட்டின் பன்னிரண்டில் ஒரு பங்குக்குள்தான் செலவு செய்யலாம். அக்டோபர் செய்தியை வைத்து ஆள் எடுப்பவர்களிடம் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. படித்தவர்கள், பொருளாதாரம் பேசுபவர்கள், தொலைக்காட்சியில் விவாதிப்பவர்கள்கூட இதில் வழுக்கி விழுகிறார்கள். 2025க்கான பட்ஜெட்டில் இரண்டு மொத்தத் தொகைகள் உண்டு. ஒன்று சுமார் 19,940 கோடி யூரோ. இன்னொன்று சுமார் 15,520 கோடி. "நடுவில் உள்ள 4,400 கோடி எங்கே போச்சு, யார் சாப்பிட்டது?" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். யாரும் சாப்பிடவில்லை. முதலாவது கமிட்மென்ட், இரண்டாவது பேமென்ட்.

ஊரில் வீடு கட்டியவர்களுக்கு இது உடனே புரியும். காண்ட்ராக்டரிடம் 30 லட்சத்துக்குப் பேசி முடித்துக் கையெழுத்துப் போடுகிறோம். அன்றைக்கே 30 லட்சத்தையும் எடுத்து நீட்டுகிறோமா? கடைக்கால் முடிந்ததும் கொஞ்சம், லிண்டல் ஏறியதும் கொஞ்சம், கான்கிரீட் போட்டதும் கொஞ்சம், மிச்சம் அடுத்த வருடம் பூச்சு வேலை முடிந்த பிறகு. பேசி முடித்த 30 லட்சம் கமிட்மென்ட். இந்த வருடம் கையிலிருந்து போகிற 12 லட்சம் பேமென்ட். ஒன்றியத்தின் சாலைகள், ஆராய்ச்சிகள், பிராந்திய வளர்ச்சித் திட்டங்கள் எல்லாம் பல வருடம் ஓடுபவை என்பதால் இரண்டு தொகைகளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை. 2026க்கு இரண்டும் கிட்டத்தட்ட நெருங்கிவிட்டன, 19,280 கோடியும் 19,010 கோடியும். பழைய வேலைகளுக்கான பில்கள் இப்போது வந்து சேருகின்றன.

சரி, இதில் ஆபத்து எங்கே? எதற்கு முன்னுரிமை என்று சண்டை போடும்போது எல்லோரும் கமிட்மென்டைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். விவசாயத்துக்கு எவ்வளவு, எல்லைக் காவலுக்கு எவ்வளவு, பாதுகாப்புக்கு எவ்வளவு என்று. பேமென்டில் சத்தமில்லாமல் வெட்டினால் தலைப்புச் செய்தி வராது. ஆனால் பில் கட்டுவது அந்தப் பெட்டியிலிருந்துதான். 2012இல் அப்படித்தான் பணம் வற்றியது. மாணவர்கள் வேறு நாட்டில் போய்ப் படிக்கத் தரும் எராஸ்மஸ் உதவித்தொகைக்கே முடை வரும் என்று நாடாளுமன்ற பட்ஜெட் குழுவின் தலைவராக இருந்த அலென் லமசூர் வெளிப்படையாக எச்சரித்தார். ஆணையம் கூடுதலாகச் சுமார் 900 கோடி கேட்டது, சுமார் 600 கோடிதான் கிடைத்தது. 2014 முடிவில் பிராந்திய வளர்ச்சித் திட்டங்களில் மட்டும் கட்டப்படாத பில்கள் 2,400 கோடி யூரோவைத் தாண்டிக் குவிந்து கிடந்தன. பட்ஜெட்டில் வரவும் செலவும் சமமாக இருந்தே ஆகவேண்டும் என்பது ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தத்திலேயே உள்ள விதி, நாடுகளைப் போலப் பற்றாக்குறை வைக்க முடியாது. ஆகவே இந்த வருடம் கட்டாத பில் அடுத்த வருடப் பணத்தைத்தான் தின்னும். இப்போது இன்னொரு சுமையும் சேர்ந்திருக்கிறது. கொரோனா மீட்பு நிதிக்காக வாங்கிய கடனுக்கான வட்டி எராஸ்மஸும் சுகாதாரமும் இருக்கிற அதே பட்ஜெட் தலைப்பின் கீழ்தான் வருகிறது.

"எல்லாம் பிரஸ்ஸல்ஸ் அதிகாரிகள் சம்பளத்துக்கே போகுது" என்பவர்களுக்கு ஒரே வரி: பட்ஜெட்டில் நிர்வாகத் தலைப்பு முழுவதும், ஓய்வூதியம் உட்பட, நூற்றுக்கு ஆறேழுதான்.

இனி, இந்தப் பணத்தை நம்பி இங்கே வரப்போகிறவர்களுக்கு. மானிய ஒப்பந்தத்தில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டாயிற்றா என்று கேளுங்கள். "தேர்வாகிவிட்டது", "மதிப்பெண் நன்றாக வந்திருக்கிறது", "காத்திருப்புப் பட்டியலில் முதலிடம்" இதெல்லாம் கையெழுத்து ஆகாது. திட்டம் தொடங்கும் தேதியைக் கேளுங்கள், அதற்கு முன்னால் வேலை செய்தால் பொதுவாக அந்தச் செலவை ஏற்கமாட்டார்கள். முதல் தவணைக்கும் இடைக்காலத் தவணைக்கும் நடுவே சம்பளத்தை யார் போடுவார்கள் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஹொரைசன் என்ற ஒன்றியத்தின் ஆராய்ச்சி நிதியில் நடக்கும் திட்டங்களில் கணக்கு சமர்ப்பித்த பிறகு இடைக்காலத் தவணை வர 90 நாள் வரை ஆகலாம், சின்ன நிறுவனங்கள் மூச்சுத் திணறுவது அங்கேதான்.

நிறுவனம் நடத்துகிறவர்களே, முன்பணம் உங்கள் வருமானம் கிடையாது. செலவுக் கணக்கை ஏற்கும் வரை அது ஒன்றியத்தின் பணம், அதை எடுத்து வாடகை பாக்கியை அடைக்காதீர்கள். யார் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்பதை மாதாமாதம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு வருடம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதிய தாளை எந்தத் தணிக்கையாளரும் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார், நானே கண்டுபிடித்திருக்கிறேன்.

தம்பியிடம் நிறுவனத்துக்கு வந்த கடிதத்தை வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். மூன்றாவது வரியிலேயே காத்திருப்புப் பட்டியல் என்று இருக்கிறது. நிறுவனம் அதை அவருக்குக் காட்டவே இல்லை, அவரும் கேட்கவில்லை. கல்லூரியில் அவருடைய வகுப்புகளை இப்போது வேறொருவர் எடுக்கிறார். துறைத் தலைவரிடம் ஒருமுறை நேரில் போய்ப் பேசிப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை போகிறாராம்.