ஈபி கார்டை எடுத்துப் பாருங்க, அப்புறம் மீட்டரைத் திட்டுங்க

"சார், மீட்டர் பறக்குது, உடனே வாங்க"ன்னு போன். இந்த மாசத்துல இது நாலாவது. வேளச்சேரியில ஒரு வீடு, ரிட்டயர்டு ஆன அய்யா. நான் போறதுக்குள்ள ஆன்லைன்ல 1,500 ரூபாய்க்கு ஒரு பவர் சேவர் டப்பா வாங்கி ஹால் பிளக்குல சொருகிட்டாரு, பச்சை லைட்டு எரியுது. பிரிச்சுக் காட்டினேன், உள்ள ஒரு எல்ஈடி, கட்டைவிரல் சைஸுல ஒரு கெப்பாசிட்டர், அவ்ளோதான். வீட்டு மீட்டர் யூனிட் கணக்குல ஓடுது, இந்த கெப்பாசிட்டரால பில்லுல ஒரு பைசா குறையாது. தயவுசெஞ்சு வாங்காதீங்க.

"யூனிட்டு 9 ரூபா 45 காசு ஆக்கிட்டாங்க, அதான் பில்லு நாலு மடங்கு"ங்கறாரு. இதைக் கேட்டாலே எனக்குக் கோவம் வருது. மீட்டர் பாக்ஸ் பக்கத்துல ஆணியில பழைய ஈபி கார்டு தொங்குச்சு. 2021 மே மாசம், நீல பேனாவுல, 500 யூனிட், 1,130 ரூபா. அவர் போன்ல வந்த 2025 மே மெசேஜ்ல 800 யூனிட், 4,770 ரூபா. கார்டையும் போனையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்கய்யான்னேன்.

அந்த 2025 மே ரேட்டுல, 9.45ங்கிறது ரெண்டு மாச பில்லுல 601ல இருந்து 800 வரைக்கும் உள்ள யூனிட்டுக்கு மட்டும்தான். 500ஐத் தாண்டுன பில்லுல முதல் 100 ஃப்ரீ, 101ல இருந்து 400 வரைக்கும் 4.70, அடுத்த 100க்கு 6.30, அதுக்கடுத்த 100க்கு 8.40, அப்புறம்தான் 9.45. கூட்டி 800ஆல வகுத்தா யூனிட்டுக்கு 5 ரூபா 96 காசு வருது, அதுதான் உங்க ரேட்டு, பேப்பர்ல பெரிய எழுத்துல போடுறது இல்ல. 800 யூனிட்டைத் தொட்டதும் மொத்தத்துக்கும் 9.45 போட்டுட்டாங்கன்னு பாதி சென்னை நம்பிட்டு இருக்கு. அப்படின்னா பில்லு 7,560 வந்திருக்கணுமே, வந்துச்சா?

ரேட்டு ஏறலைன்னு நான் சொல்லல, நல்லாவே ஏறியிருக்கு. 2022 செப்டம்பர் 10க்கு முன்னாடி 500 யூனிட்டுக்கு சராசரி 2.26, அன்னைக்கு 3.45 ஆச்சு, 2024 ஜூலை 1ல 3.61. 800 யூனிட் ஓட்டுற வீட்டுக்கு அதே வரிசையில 4.70, 5.69, 5.96. பார்த்தீங்களா, இந்த ரெண்டுல சதவீதத்துல அதிகமா அடி வாங்குனது 500 யூனிட் வீடுதான், இதை யாரும் பேசறதே இல்ல. 2025 ஜூலையில வீட்டுக்கு ஏத்தல, அந்தச் சுமையை அரசாங்கம் ஏத்துக்கிச்சு.

இப்ப அய்யா கணக்குக்கு வருவோம். அதே 500 யூனிட்டோட நின்னிருந்தா 1,805 கட்டியிருப்பாரு, 675 ரூபாதான் ரேட்டு ஏறுனதால. மீதி 2,965 ரூபா அந்தக் கூடுதல் 300 யூனிட்டால. பேரன் ரூமுக்கு 1.5 டன் ஏசி போட்டாச்சு, தினம் 4 மணி நேரம் ஓடினாலே 60 நாள்ல கிட்டத்தட்ட 300 யூனிட் வந்துடும். மீட்டர் மேல பழி போட்டா எப்படி?

500ல மட்டும் ஜாக்கிரதை. 2025 ரேட்டுப்படி 501 ஆனா 101 டு 200க்குக் கிடைக்கிற பாதி ரேட்டு போயிடும், அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் 243 ரூபா கூடுது. 2022 செப்டம்பருக்கு முன்னாடி இதே இடத்துல 656 ரூபா கூடுச்சு, அந்தப் பயத்துலதான் நம்ம அம்மாக்கள் 490ஐத் தொட்டதும் கிரைண்டரைக்கூட ஆஃப் பண்ணுவாங்க.

மீட்டர் மேல சந்தேகம்னா இன்வெர்ட்டர் உள்பட எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு மீட்டர்ல சின்ன சிவப்பு லைட்டு சிமிட்டுதான்னு பத்து நிமிஷம் நின்னு பாருங்க. சிமிட்டுனா லீக்கேஜ் இருக்கலாம் இல்ல பக்கத்து போர்ஷன் லைன் உங்க மேல ஏறியிருக்கலாம், உடனே ஆளைக் கூப்பிடுங்க, நீங்களே நோண்டாதீங்க. சிமிட்டலைன்னா லீக்கேஜ் பயத்தை விட்டுடுங்க. வாரம் ஒரு நாள் தேதி போட்டு ரீடிங் எழுதுங்க, ரெண்டு நிமிஷ வேலை. வாடகைக்கு இருக்கறவங்க ஓனர் சொல்ற யூனிட் ரேட்டை அப்படியே கட்டாதீங்க, மெயின் பில்லைக் கேட்டு வாங்கி வகுத்துப் பாருங்க.

அப்புறம் ஒண்ணு, கெஞ்சிக் கேக்கறேன், வயசானவங்க இருக்கற வீட்டுல மே மாசம் ஏசியை ஆஃப் பண்ணி மிச்சம் பிடிக்காதீங்க. 26ல வச்சு, கூடவே ஃபேனையும் போட்டு விடுங்க.