அமைச்சர்கள் கை குலுக்கினால் உங்கள் பெட்டி கிளம்பிவிடாது

ஜெர்மனியில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு ஆலோசகராகப் பிழைப்பு ஓடுகிறது. போன வாரம் ஒரு தொழிற்சாலையின் விற்பனைப் பிரிவிலிருந்து போன். "பிரிட்டனோடுதான் ஒப்பந்தம் போட்டாச்சே, இனி உரிமம் எதற்கு?" என்றார். 2025 மே 19 லண்டன் உச்சி மாநாட்டைச் சொல்கிறார். அங்கே ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் பாதுகாப்புக் கூட்டாண்மைக்குக் கையெழுத்துப் போட்டது உண்மைதான். அதனால் அவருடைய உதிரிபாகத்துக்கு என்ன? 2021 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் பிரிட்டன் வெளிநாடு. ராணுவத்துக்கும் உதவக்கூடிய இரட்டைப் பயன்பாட்டுப் பொருளென்றால் அனுமதி வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு 'ஈயூ001' என்ற பொது உரிமம் போதும், தனித்தனியாக உரிமம் வாங்க வேண்டாம். ஆனால் அதற்கும் எஷ்போர்னில் உள்ள பாஃபா என்ற ஜெர்மன் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் பதிவு, நிபந்தனை, கணக்கு எல்லாம் உண்டு.

இந்த மாதிரி போன் வந்து வந்து அலுத்துவிட்டது. அதனால் ஒருமுறை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்: பேச்சுவார்த்தை வேறு, சட்டம் வேறு. ரஷ்யா மீதான ஐரோப்பிய ஒன்றியத்தின் 18-வது தடைத் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூன் 10 அன்று ஐரோப்பிய ஆணையம் அதை முன்மொழிந்தது, அவ்வளவுதான். மறுநாளே ஒரு வாடிக்கையாளர் பதறிப்போய் லாரியை நிறுத்திவிட்டார். அப்புறம், ரஷ்ய எரிவாயு விவகாரத்தை வைத்து ஸ்லோவாகியா முரண்டு பிடித்தது. ஒன்றியத்தின் 27 நாடுகளும் தலையாட்டினால்தான் தடை நகரும். 'இனி வராது' என்று இன்னொருவர் புது ஆர்டரே எடுத்துவிட்டார். ஜூலை 18 அன்று ஒப்புதல் ஆனது. இரண்டு பேரும் செய்தி பார்த்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரப்பூர்வ இதழை ஒருவரும் திறக்கவில்லை. அதில் வெளியாகும் வரிதான் சட்டம். பெரும்பாலும் மறுநாளே அமல். பழைய ஒப்பந்தங்களுக்கு அவகாசம் உண்டா, எத்தனை நாள் என்பதும் அங்கேதான் இருக்கும். டிவியில் வராது.

'ஜூலை 31-ல் தடை காலாவதியாமே?' என்பவர்களும் உண்டு. ரஷ்யா மீதான துறைசார் (பொருளாதார) தடைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இதுவரை ஒவ்வொரு முறையும் நீட்டித்தே வந்திருக்கிறார்கள். அந்தத் தேதியை நம்பிச் சரக்கைக் கிடங்கில் அடுக்காதீர்கள்.

இங்கே வேலை பார்க்கும் நம் பொறியாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இயந்திரத்தின் ஸ்பிண்டில் (சுழல்தண்டு) வரைபடத்தை டீம்ஸில் சென்னை சகாவுக்குத் தட்டிவிடுகிறீர்கள். லாரி இல்லை, சுங்க முத்திரை இல்லை. ஆனாலும் அது கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள தொழில்நுட்பமானால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021/821 ஒழுங்குமுறைப்படி ஏற்றுமதிதான். கோப்பை அனுப்பக்கூட வேண்டாம். அவர் அங்கிருந்து திறக்கும்படி சர்வரில் வைத்தாலே போதும். பட்டியலைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். புரியவில்லையா, கேளுங்கள். கேட்டதற்காக நான் யாரையும் திட்டியதில்லை.

இந்தியாவில் இருந்துகொண்டு இங்கே பொருள் வாங்குபவர்களே, 2024 மார்ச் 20 முதல் சில வகைப் பொருட்களுக்கான ஒப்பந்தங்களில் 'ரஷ்யாவுக்கு மறு ஏற்றுமதி செய்யமாட்டோம்' என்ற ஷரத்து கட்டாயம். மின்னணுச் சில்லு மட்டுமில்லை, சாதாரண பால் பேரிங்கும் அதில் வரும். அமெரிக்கா, ஜப்பான் மாதிரி சில நாடுகளுக்கு விலக்கு உண்டு, இந்தியாவுக்கு இல்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் "எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று அந்த வரியை அடித்துவிட்டு ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்பினார். நம்பிக்கை இருக்கிறது அண்ணே. அந்த வரி இல்லாமல் விற்றால் மாட்டுவது இங்கே இருக்கிற கம்பெனி. கோபப்படாமல் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், பெட்டி தயாராகத்தான் இருக்கிறது.