ஃபால்ஸ் சீலிங் போட்டாச்சு, இன்னும் வேகுது சார்!

அஸ்தம்பட்டியில் ஒரு மேல்மாடி வீடு. எல்லா அறைக்கும் ஜிப்சம் சீலிங், உள்ளே வரிசையாக விளக்கு. எல்லாம் முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டு, "இன்னும் வேகுது சார், ஏசியை ரெண்டு டன்னா மாத்திடலாமா?" என்கிறார்கள். சித்திரை வந்தால் சேலத்தில் எனக்கு இதே பஞ்சாயத்துதான். சீலிங் போடும் முன்னால் மட்டும் யாரும் கேட்பதில்லை.

நீங்கள் போட்டது 12 மி.மீ. பலகை. அது அழகுக்கு. பலகைக்கும் தளத்துக்கும் நடுவே நிற்கும் காற்று கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, நீங்கள் சாப்பிட்டுப் படுக்கும் நேரத்தில் கீழே இறக்குகிறது. பலகையும் சூடாகி உங்கள் மேலேயே வீசுகிறது. உடனே, "தளம் அஞ்சு இஞ்ச் கனம் சார்" என்பார்கள். கனம் வேறு, தடுப்பு வேறு! எக்ஸ்பிஎஸ் என்று ஒரு கெட்டி நுரை அட்டை இருக்கிறது. அதில் 50 மி.மீ. தடுக்கும் சூட்டைக் கான்கிரீட் தடுக்க வேண்டுமானால், அது ஆறடிக்கு மேல் கனமாக இருக்க வேண்டும்.

செலவுக்கு முன் சோதியுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் சீலிங்கையும் மேற்குச் சுவரையும் வீட்டின் நடுச்சுவரையும் தொட்டுப் பாருங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு ஏறுங்கள்! நடுச்சுவரைவிட எது அதிகம் சுடுகிறதோ, பணம் அங்கே போகட்டும். சுவர் என்றால் வெளியே வெளிர் பூச்சும் நிழலும் பெரும்பாலும் போதும்.

தளம் என்றால் வேலை மொட்டை மாடியில். முதலில் விரிசல், ஒழுகல். அப்புறம் அட்டை, அதன்மேல் வாட்டத்தோடு கான்கிரீட், வெள்ளை ஓடு. கையில் காசில்லையா, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடியுங்கள். கோடைக்கு முன் வருடாவருடம் கழுவுங்கள், அழுக்கேறினால் பலன் குறையும். ஓரளவு சூட்டைத் தடுக்கும் பழைய செங்கல்ஜல்லி சுண்ணாம்புத் தளத்தை உடைத்துவிட்டு வெறும் சிமென்ட் பூசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

தெர்மாகோலைச் சீலிங்கில் திறந்தபடி ஒட்டாதீர்கள். தீப்பிடித்தால் உருகிச் சொட்டும்.

ஏற்காட்டில் கதை வேறு. அங்கே தகரக் கூரைக்கடியில் கிளாஸ் வூல், அதாவது கண்ணாடி இழைப் பஞ்சு வைத்தால், அறைப் பக்கம் ஈரம் தடுக்கும் தாள் கட்டாயம். இல்லையென்றால் ராத்திரிக் குளிரில் தகரத்தில் வியர்த்துப் பஞ்சு நனைந்துவிடும். நனைந்த பஞ்சு சூட்டைச் சரியாகத் தடுக்காது. பழைய எஸ்டேட் வீடுகளின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் தங்கிவிடும். கூலிக்கு வரும் பிள்ளைகளையும் தயவுசெய்து அதைச் செய்யச் சொல்லாதீர்கள்.