இம்யூனோசப்ரசன்ட்: குறைப்பது அல்ல, ஒடுக்குவது

சென்னை பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி மருத்துவமனைப் பக்கத்து மெடிக்கல் கடைகளில், கிட்னியோ கல்லீரலோ மாற்றிக்கொண்டவர்களின் சீட்டில் மூன்று பெயர்கள் அடிக்கடி சேர்ந்து வரும்: டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசலோன். மூன்றுக்கும் பொதுப்பெயர் இம்யூனோசப்ரசன்ட்: மாற்றி வைத்த உறுப்பை உடல் ஏற்காமல் தாக்குவதை, அதாவது ‘ரிஜெக்‌ஷனை’, தடுப்பவை. வாய்க்கு வராத பெயர் என்பதால் சிலர் ‘ரிஜெக்‌ஷன் மாத்திரை’ என்பார்கள், சிலர் ‘எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை’ என்பார்கள்.

இரண்டாவது பெயர் கெடுதல் செய்கிறது. எதிர்ப்புச் சக்தி குறைந்தால் ஆபத்து என்று கொரோனா காலத்தில் தெருவுக்குத் தெரு கேட்டுப் பழகிவிட்டோம். ‘குறைக்கிற மாத்திரை’ என்று சொன்னதும் வீட்டில் இருப்பவருக்குப் பயம் வருகிறது. சளி பிடித்தால் ஒரு வேளையை விட்டுவிடுகிறார்கள், அல்லது ஈடுகட்டக் கபசுரக் குடிநீர் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். இரண்டுமே புது உறுப்புக்கு வினை. ஆகவே இந்தச் சொல்லுக்குச் சரியான தமிழ் வேண்டும்.

இம்யூன் என்பதன் வேர் இலத்தீன் ‘இம்யூனிஸ்’. ‘மூனுஸ்’ என்றால் ஊருக்குச் செய்ய வேண்டிய கடமை. ‘இன்’ அதை மறுக்கும் முன்னொட்டு. ரோமானியரிடையே வரியிலிருந்தும் பொதுப்பணியிலிருந்தும் விலக்குப் பெற்றவர் இம்யூனிஸ். நம்மிடம் இதற்கு அச்சு அசலான சொல் ஒன்று இருந்தது: சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் ‘இறையிலி’. இறை என்றால் வரி. அது இல்லாத நிலம் இறையிலி. வரிவிலக்கைக் குறித்த இலத்தீன் சொல்லை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவம் எடுத்துக்கொண்டது, நோயிலிருந்து விலக்கு என்ற பொருளில்.

தமிழில் இம்யூனிட்டிக்குப் பல சொற்கள் ஓடுகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூலில் நோய்த்தடைக்காப்பு, இலங்கைப் பாடநூலில் நிர்ப்பீடனம், நாளிதழில் நோய் எதிர்ப்புச் சக்தி, மருத்துவக் கட்டுரைகளில் தடுப்பாற்றல். உறுப்பு மாற்றத்தைப் பேசும்போது ‘நோய்’ என்ற முன்சொல் இடறுகிறது. மாற்றி வைத்த சிறுநீரகம் நோய் அல்லவே. உடல் அதைத் தாக்குவது அது கெட்டது என்பதால் அல்ல, அயல் என்று அடையாளம் கண்டதால். வெள்ளையணுக்களுக்கு நோய்க்கிருமியும் தானமாக வந்த உறுப்பும் அயல்தான். அதனால் ‘தடுப்பாற்றல்’ பொருத்தமானது. எதைத் தடுக்கிறது என்பதை அது முன்கூட்டிச் சொல்லிவிடுவதில்லை.

அடுத்த பாதி, சப்ரஸ். இலத்தீனில் ‘கீழே அழுத்திப் பிடி’. குறைத்தல், அழித்தல், அடக்கல், ஒடுக்கல் ஆகியவற்றில் நாம் ஒடுக்கலைத் தேர்வதற்கு ஒரு குறளே போதும்:

ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர்
தாக்கற்குப் பேருந் தகைத்து. (486)

சண்டைக் கடா பாய்வதற்கு முன் பின்வாங்கி நிற்குமே, அதுதான் ஒடுக்கம். வலிமை போய்விடவில்லை, பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மாத்திரை செய்வதும் அதேதான். இரத்தத்தில் மருந்தின் அளவு சரிந்தால் கடா பாயும். பத்து வருடம் நன்றாக இருந்தவருக்கும் இது பொருந்தும், ஏனென்றால் பெரும்பாலோரின் உடல் அந்த உறுப்பை முழுதாகத் தன்னுடையது என்று ஏற்பதில்லை. ஆகவே இம்யூனோசப்ரசன்ட் என்பது தடுப்பாற்றல் ஒடுக்கி. வீட்டில் சொல்ல ‘உறுப்புக் காப்பு மாத்திரை’ என்றால் போதும். எதற்காகப் போடுகிறோம் என்பது பெயரிலேயே இருக்கும்.

டாக்ரோலிமஸ் என்ற பெயருக்குள்ளும் இந்தச் சொல் ஒளிந்திருக்கிறது. 1984இல் ஜப்பானின் ட்சுகுபா பகுதி மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். ட்சுகுபாவின் முதலெழுத்து, மேக்ரோலைடு என்ற வேதிக் குடும்பத்தின் நடுப்பகுதி, இம்யூனோசப்ரசன்டின் துண்டு மூன்றும் சேர்ந்ததுதான் அந்தப் பெயர்.

ஒடுக்கம் நிலைத்து நிற்க நேரம்தான் முதல் விதி. சாதாரண டாக்ரோலிமஸ் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை: காலை 9 என்றால் இரவு 9. வெறும் வயிற்றில், அதாவது சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்போ 2 மணி நேரம் பின்போ போடுவது நல்லது. ஒரு நாள் பொங்கல் வடையோடு, மறுநாள் வெறும் வயிற்றில் என்று மாற்றினால் அளவு ஏறி இறங்கும். ஒரு நாளைக்கு ஒரு முறை போடும், மெல்லக் கரையும் வகையும் உண்டு. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது. 0.5 மில்லிகிராமும் 1 மில்லிகிராமும் அட்டையில் ஒரே மாதிரி தெரியும், வாங்கும் இடத்திலேயே படித்துப் பாருங்கள். கடைக்காரர் ‘அதே மருந்துதான், கம்பெனிதான் வேற’ என்று கொடுத்தால், டாக்டரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம். மாற்றினால் மறுபடி இரத்தப் பரிசோதனை வேண்டும்.

அந்தப் பரிசோதனையில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். ‘லெவல் டெஸ்ட்’ பார்ப்பது மருந்து மிகவும் இறங்கியிருக்கும் நேரத்து அளவை, அதாவது அடுத்த வேளைக்குச் சற்று முன்பு. காலை மாத்திரையைப் போட்டுவிட்டு இரத்தம் கொடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். அதை நம்பி டாக்டர் மருந்தைக் குறைத்தால், உண்மையில் குறைவாக இருந்தவருக்கு இன்னும் குறையும். சரியான வழி: மாத்திரையைப் பையில் எடுத்துப் போங்கள், இரத்தம் கொடுங்கள், அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். முந்திய இரவு எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சிறுநீரகம் மாற்றியவருக்கு முதல் சில மாதங்களில் மில்லிலிட்டருக்கு 8 முதல் 12 நானோகிராம், பிறகு 5 முதல் 8 என்பது பல உறுப்பு மாற்று மையங்களின் பழக்கம். உங்கள் இலக்கை உங்கள் டாக்டர் சொல்வார்.

ஒரு வேளை மறந்தால், நினைவு வந்ததும் போடலாம்; அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும். இரண்டு வேளையைச் சேர்த்துப் போடவே கூடாது. ‘நெருங்குவது’ எத்தனை மணி நேரம், வாந்தி எடுத்தால் திரும்பப் போடலாமா என்பதை வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் மருந்து வீணாகும் என்று நினைப்போம், டாக்ரோலிமஸில் பெரும்பாலும் அளவு ஏறிவிடும். அன்றே சொல்லுங்கள்.

கபசுரக் குடிநீரில் சீந்தில் தண்டு சேர்கிறது. சீந்தில் தடுப்பாற்றலைத் தூண்டக்கூடியது, கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. மற்றவருக்கு நல்லதாக இருப்பது, ஒடுக்கி போடுபவருக்குக் கடாவின் கயிற்றை அவிழ்ப்பது. ‘இம்யூனிட்டி பூஸ்டர்’ என்று எழுதிய எந்தப் பொடியும், டானிக்கும் அப்படித்தான். பம்பளிமாஸ் பழம் குடலில் இந்த மருந்தைச் சிதைக்கும் நொதியை முடக்கி அளவை ஏற்றிவிடும், அதனால் வேண்டாம். பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளுகோனசோல், ஆன்டிபயாடிக்கான கிளாரித்ரோமைசின், இரத்த அழுத்தத்துக்கான டில்டியாசெம் ஆகியவையும் அளவை ஏற்றும், வலிப்புக்கான ஃபெனிட்டாயின் இறக்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மிகக் கடுமையாக இறக்கிவிடும். ஆகவே காசநோய் சிகிச்சை தொடங்கும் முன் மாற்று மையத்துக்கும் தெரிய வேண்டும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போடுவது, டாக்ரோலிமஸ் போடுபவரின் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. அசாதியோபிரின் என்ற இன்னொரு ஒடுக்கி போடுபவருக்கு யூரிக் அமிலத்துக்கான அல்லோபியூரினால் சேர்ந்தால் இரத்த அணுக்கள் ஆபத்தாகக் குறையும்.

கருத்தரிக்க விரும்பும் பெண் மைக்கோஃபினோலேட்டை முன்கூட்டியே டாக்டர் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும், கருவுக்கு அது கேடு.

ஒடுக்கத்தின் மறுபக்கம் தொற்று. வியாசர்பாடியில் கிடைக்கும் பர்மிய நூடுல்ஸான அத்தோவில் பச்சை முட்டைக்கோஸும் வெங்காயமும் விழும். முதல் வருடத்தில் அதைத் தள்ளி வையுங்கள். லாரித் தண்ணீர் என்றால் நன்கு கொதிக்க வைத்து ஆற்றிக் குடிக்க வேண்டும். டாக்ரோலிமஸ் இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும், எனவே அது நிறைந்த இளநீரைத் தினமும் குடிப்பதற்கு முன் ரிப்போர்ட்டைப் பாருங்கள். மழைக்காலத்தில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, எண்ணூர்ப் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர் நின்றுவிடும். அக்டோபருக்குள் இரண்டு வார மாத்திரை கூடுதலாக, அட்டையிலிருந்து பிரிக்காமல், தண்ணீர் புகாத டப்பாவில் இருக்கட்டும். பிரெட்னிசலோனைத் திடீரென்று நிறுத்துவது தனி ஆபத்து. நீண்ட நாள் போட்டவரின் அட்ரீனல் சுரப்பி தானாகச் சுரக்க மறந்திருக்கும்.

‘ரிஜெக்‌ஷன்’ என்பதற்கு நிராகரிப்பு, உறுப்பு ஏற்காமை இரண்டும் வழங்குகின்றன. ‘ஏற்காமை’யே மேல், யாரோ முடிவெடுத்து மறுத்தது போலத் தோன்றாது. சிறுநீரகத்தில் அது கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏற்றம், சிறுநீர்க் குறைவு, எடை கூடுதல் என்று வரலாம். கல்லீரலில் மஞ்சள் நிறம், சிறுநீர் நிறம் மாறுதல். பல நேரம் எந்த அறிகுறியும் இருக்காது, இரத்தம்தான் சொல்லும். காய்ச்சல் 100.4 டிகிரிக்கு ஏறினால் அன்றே பேசுங்கள், காலை வரை பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம்.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் பல் பிடுங்கவோ ஊசி போடவோ போகும்போது, ‘உறுப்பு மாற்றியிருக்கு டாக்டர், ஒடுக்கி மாத்திரை போடறேன்’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மாத்திரைப் பெயர்களையும் வேளையையும் மாற்று மையத்தின் தொலைபேசி எண்ணையும் எழுதிய அட்டையைக் கையோடு நீட்டுங்கள்.