நொடிக்கு 88 டிகிரி

வேல்ஸில் கேடர் இட்ரிஸ் மலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கு. சரிவு முழுக்க ஆடுகள் மேய்கின்றன. ஆடுகளுக்கு நடுவே, ஈரப் புல்லில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக்கொண்டு முப்பது பேர் நீண்ட லென்ஸ்களோடு காலையிலிருந்து காத்திருக்கிறார்கள். பேச்சு அதிகம் இல்லை. எல்லார் கண்ணும் பள்ளத்தாக்கு வளைந்து மறைகிற அந்த முனையில் இருக்கிறது. திடீரென்று ஒருவர் கை நீட்டுகிறார். சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. மூச்சை இழுத்து விடுவதற்குள் அது விமானமாகி, நாம் நிற்கிற உயரத்துக்கும் கீழாகச் சாய்ந்து, விமானி தலையைத் திருப்புவது தெரிகிற அளவுக்குப் பக்கத்தில் கடந்து போய்விடுகிறது. அதற்கப்புறம்தான் நெஞ்சுக்கூடு அதிர்கிறது.

இந்த இடத்துக்கு மாக் லூப் என்று பெயர். ஒலிவேகத்தைக் குறிக்கும் 'மாக்' எண்ணிலிருந்து வந்த பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பக்கத்து ஊரான மக்கன்த்லெத்தின் பெயரைச் சுருக்கி இப்படி வைத்துக்கொண்டார்கள். இங்கே யாரும் ஒலிவேகத்தைத் தாண்டிப் பறப்பதில்லை. போர் விமானங்கள் மலைகளுக்கு இடையே தாழப் பறந்து பழகுவதற்கான பகுதி இது. மலை மறைத்தால் எதிரியின் ரேடாருக்கு விமானம் தெரியாது, அதற்கான பயிற்சி. வழக்கமான குறைந்தபட்ச உயரம் 250 அடி, வேகம் 420 முதல் 450 நாட் (விமான வேகத்தை அளக்கும் அலகு) வரை. ஆங்கில்சி தீவிலிருக்கும் வேலி (Valley) என்ற விமானப்படைத் தளத்தின் ஹாக் பயிற்சி விமானங்கள், டைஃபூன்கள், எஃப்-35பி, லேக்கன்ஹீத் தளத்தின் அமெரிக்க எஃப்-15இ எல்லாம் இந்தப் பக்கம் வரும். நாள் முழுக்க ஒன்றுகூட வராமலும் போகும்.

தரையில் நின்று மேலே பார்த்து எடுத்தால் விமானத்தின் வயிறும் வெறும் வானமும்தான் படத்தில் விழும். மலைச்சரிவில் நின்றால் விமானத்தின் முதுகு தெரியும், கண்ணாடிக் கூண்டுக்குள் விமானி தெரிவார், பின்னால் பச்சை மலை இருக்கும். இதற்காகத்தான் உலகத்தின் பல மூலைகளிலிருந்து இங்கே ஆட்கள் வந்து மலை ஏறுகிறார்கள்.

வேலை நிமித்தம் இங்கிலாந்தில் இருந்தபோது நான் முதல் முறையாக அங்கே போனேன். மூன்று விமானங்கள் வந்தன, இருநூறு படத்துக்கு மேல் எடுத்தேன். அறைக்குத் திரும்பிக் கணினியில் திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் வெறும் மலை. மீதியில் வால் மட்டும், அல்லது இழுபட்டுப்போன சாம்பல் தீற்றல். அன்று ராத்திரி ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கு இந்தப் பொழுதுபோக்கு உண்மையில் பிடித்துப்போனது அந்தத் தாளில்தான்.

450 நாட் என்றால் மணிக்கு 833 கிலோமீட்டர், நொடிக்கு 231 மீட்டர். கேட்கவே மலைப்பாக இருக்கும். ஆனால் கேமராவுக்கு இந்த எண் நேரடியாகத் தெரியாது. பத்து கிலோமீட்டர் உயரத்தில் போகிற பயணிகள் விமானமும் ஏறக்குறைய இதே வேகத்தில்தான் போகிறது, அதைக் குழந்தைகூட விரலால் தொடர்ந்துகொண்டே போகும். கேமராவைப் பாதிப்பது கோணவேகம்: விமானத்தைத் தொடர லென்ஸை ஒரு நொடிக்கு எத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்பது.

விமானம் நம்மை 150 மீட்டர் தூரத்தில் கடக்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 1 கிலோமீட்டர் முன்னால் இருக்கும்போது கோணவேகம் நொடிக்கு 2 டிகிரிகூட இல்லை. நிதானமாக ஃபோகஸ் பிடிக்கலாம், எல்லாம் கைக்குள் இருக்கிற மாதிரியே தோன்றும். 300 மீட்டர் முன்னால் வரும்போது அது 18 டிகிரி ஆகிவிடுகிறது. நேர் எதிரே வரும்போது 88 டிகிரி. இந்த மொத்த ஏற்றத்துக்கும் எடுத்துக்கொள்ளும் நேரம் 4.3 நொடி, அதிலும் 18-லிருந்து 88-க்குத் தாவுவது கடைசி 1.3 நொடியில். முதல் மூன்று நொடி கொடுக்கிற தைரியத்தில் கை அதே வேகத்துக்குப் பழகிவிடுகிறது, விமானம் கையை விட்டுவிட்டு ஓடிவிடுகிறது. என் படங்களில் வாலும் மலையும் மிஞ்சியதற்கு இதுதான் காரணம்.

ஆகவே கையால் லென்ஸைத் திருப்பினால் நடக்காது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து உடம்பு மொத்தமும் சுழல வேண்டும். பாதங்களை விமானம் வருகிற திசையில் வைக்காமல், போய் முடிகிற திசையில் வைத்துக்கொண்டு, உடம்பை முறுக்கிப் பின்னால் திரும்பி நின்று ஆரம்பிக்க வேண்டும். முறுக்கு அவிழ்கிற பக்கம்தான் வேகம் தானாக வரும். இன்னொன்று, கை நடுக்கத்தைச் சரிசெய்கிற வசதியைச் சாதாரண நிலையில் விட்டுவிட்டால், நாம் வேண்டுமென்றே திருப்புவதையும் அது நடுக்கம் என்று நினைத்து எதிர்க்கப் பார்க்கும். பல டெலிஃபோட்டோ லென்ஸ்களில் இரண்டாவது நிலை என்று ஒன்று இருக்கிறது. பக்கவாட்டு அசைவை விட்டுவிட்டு மேல்கீழ் ஆட்டத்தை மட்டும் அது சரிசெய்யும்.

ஷட்டர் வேகத்தைப் பற்றித்தான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். 1/2000 நொடியில் விமானம் 11.5 சென்டிமீட்டர் நகர்கிறது. 300 மி.மீ. லென்ஸில், 24 மெகாபிக்சல் முழுச்சட்ட (ஃபுல்-ஃபிரேம்) சென்சாரில், அந்த 11.5 சென்டிமீட்டர் 38 பிக்சல் அகலத்துக்கு இழுபடும். கேமராவை அசைக்காமல் எடுத்தால் அவ்வளவு கலங்கல். விமானத்தின் வேகத்தில் 90 சதவீதத்துக்கு உடம்பைத் திருப்பிவிட்டால் கலங்கல் 4 பிக்சலாகக் குறைந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது என்றே சொல்லலாம். 1/500-க்கு இறங்கினால் கணக்கு கடுமையாகிறது. அதே 90 சதவீதத் துல்லியத்தில் 15 பிக்சல் இழுபடும். கூர்மை வேண்டுமென்றால் 99 சதவீதம் பொருந்த வேண்டும்.

அப்படியிருந்தும் ஏன் 1/500-க்குப் போக வேண்டும்? பின்னால் இருக்கிற மலைக்காக. விமானத்தோடு சேர்ந்து லென்ஸ் சுழலும்போது மலை எதிர்த்திசையில் கோடுகளாக இழுபடுகிறது. 1/2000-இல் இந்த இழுவை போதாது, மலை ஏறக்குறைய நின்றுவிடும், விமானமும் நூலில் கட்டித் தொங்கவிட்ட பொம்மை மாதிரி தெரியும். 1/500-இல் 150 பிக்சலுக்கு மேல் இழுபட்டு மலை பச்சைத் தீற்றலாகிவிடும், நடுவே விமானம் மட்டும் கூர்மையாக இருக்கும். என்னைக் கேட்டால் வேகம் தெரியாத ஒரு டைஃபூன் படத்தால் பிரயோஜனமே இல்லை. நூறில் தொண்ணூற்றைந்து படம் வீணானாலும் பரவாயில்லை, 1/500-இல் வந்த ஒரு படம் போதும்.

இதில் ஒரு நுட்பமும் இருக்கிறது. விமானம் நம் நேர் எதிரே வருவதற்கு முன், 45 டிகிரிக் கோணத்தில் இருக்கும்போது, மூக்கும் வாலும் ஒரே கோணவேகத்தில் நகர்வதில்லை. டைஃபூன் கிட்டத்தட்ட 16 மீட்டர் நீளம். அந்த நீளத்துக்குள் சுமார் 10 சதவீத வித்தியாசம் வந்துவிடுகிறது. மூக்கைச் சரியாகத் தொடர்ந்தால் வால் கலங்கும், வாலைத் தொடர்ந்தால் மூக்கு கலங்கும். நேர் எதிரே வரும்போது இந்த வித்தியாசம் மறைந்துபோகும். மெதுவான ஷட்டரில் எடுத்த நல்ல படங்கள் பெரும்பாலும் பக்கவாட்டுத் தோற்றமாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

லென்ஸ் எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது என்று நினைப்பதும் தப்பு. 150 மீட்டரில் கடக்கும் டைஃபூன் 340 மி.மீ. வரைக்கும்தான் முழுதாகச் சட்டத்துக்குள் அடங்கும். அதைவிடப் பெரிய எஃப்-15இ என்றால் 280-க்குள் இறங்க வேண்டும். அதே டைஃபூன் 1 கிலோமீட்டரில் நேராக வரும்போது 400 மி.மீ. லென்ஸில்கூட சட்டத்தின் எட்டில் ஒரு பங்கு அகலம்தான். அதனால் 100-400 ஜூம் வைத்திருப்பவர்தான் அங்கே நிம்மதியாக இருக்கிறார்.

ஃபோகஸ் விஷயத்தில் சிரமம் எதிர்த்திசையில் போகிறது. பக்கவாட்டில் கடக்கும்போது தூரம் அதிகம் மாறாது. நம்மை நோக்கி வரும்போதுதான் நொடிக்கு 231 மீட்டர் குறைகிறது. கேமரா ஃபோகஸ் பார்ப்பது இப்படித்தான்: லென்ஸின் இடது பாதி வழியாக வரும் ஒளியும் வலது பாதி வழியாக வரும் ஒளியும் சென்சாரில் ஒரே இடத்தில் விழுந்தால் ஃபோகஸ் சரி. விலகி விழுந்தால், எவ்வளவு விலகியிருக்கிறது, எந்தப் பக்கம் என்பதை வைத்தே லென்ஸை எங்கே நகர்த்த வேண்டும் என்று கேமரா கண்டுபிடித்துவிடும். 300 மீட்டரில், 400 மி.மீ. லென்ஸ், துளை அளவு எஃப் 5.6 என்றால், பிக்சல் அளவுக்குக் கூர்மையாக இருக்கும் பகுதி ஃபோகஸுக்கு முன்னால் 18 மீட்டர்தான். விமானம் அதை 0.08 நொடியில் தாண்டிவிடும். எனவே கேமரா விமானம் இப்போது இருக்கிற இடத்தைப் பார்த்துப் பயனில்லை. முந்தைய அளவுகளைக் கோத்து, ஷட்டர் திறக்கும் நேரத்தில் அது எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணித்து லென்ஸை அங்கே கொண்டுபோய் வைக்கிறது. தூரத்தில் இருக்கும்போதே பொத்தானைப் பாதி அழுத்தித் தொடர ஆரம்பிக்கச் சொல்வது இதனால்தான். கணிப்பதற்குக் கேமராவுக்கும் கொஞ்சம் அவகாசம் வேண்டும்.

சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் ஒரு சிக்கல் இருக்கிறது. பல கேமராக்களில் சென்சார் வரிவரியாக மேலிருந்து கீழே படிக்கப்படுகிறது. முழுதாகப் படிக்க 1/30 நொடி ஆகிற கேமரா என்றால் அதற்குள் விமானம் 7.7 மீட்டர் போய்விடும், அதனோடு நாமும் திரும்பிக்கொண்டிருப்போம். படத்தில் விமானம் சாயாமல் தப்பித்துவிடும், பின்னால் இருக்கிற மரங்கள் சாய்ந்து நிற்கும். எல்லா வரியையும் ஒரே கணத்தில் பதிவுசெய்கிற சென்சாரோடு சோனி ஏ9 மூன்றாம் பதிப்பு 2023-இல் அறிவிக்கப்பட்டது. அதில் இந்தச் சாய்வு இல்லை. மற்றவர்களுக்கு மெக்கானிக்கல் ஷட்டரே பாதுகாப்பு.

சத்தத்தை நம்பிக் காத்திருக்கவும் முடியாது. 1 கிலோமீட்டர் தூரத்தில் கிளம்பிய ஒலி நம்மை வந்தடைய 2.9 நொடி ஆகிறது. விமானமே வந்துசேர 4.3 நொடிதான். காதில் விழுந்த பிறகு மிஞ்சுவது ஒன்றரை நொடிக்கும் குறைவு. அதனால்தான் எல்லாரும் அந்த முனையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஈரமான நாளில் போனால் இன்னொரு காட்சி கிடைக்கும். வளைவில் விமானம் சரேலென்று திரும்பும்போது இறக்கைக்கு மேல் வெள்ளைப் புகை மாதிரி ஒன்று கொப்பளித்துவிட்டு உடனே மறையும். அது மேகம். இறுக்கமாகத் திரும்ப இறக்கை பல மடங்கு தூக்குவிசை கொடுக்க வேண்டும், அதற்கு இறக்கையின் மேற்புறத்தில் காற்றழுத்தம் சட்டென்று குறைய வேண்டும். அழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் காற்று திடீரென விரிந்து சுமார் 8 டிகிரி செல்சியஸ் குளிர்ந்துவிடும். ஈரக் காற்றுக்கு அதுவே போதும், நீராவி துளித்துளியாகத் திரண்டுவிடுகிறது. இறக்கையைத் தாண்டியதும் அழுத்தம் பழைய நிலைக்கு வர, துளிகள் ஆவியாகிவிடும். 1999 ஜூலை 7 அன்று, கான்ஸ்டலேஷன் என்ற விமானந்தாங்கிக் கப்பலுக்குப் பக்கத்தில், எஃப்/ஏ-18 ஹார்னெட் ஒன்றைச் சுற்றி வட்டமாக இப்படி மேகம் சூழ்ந்திருப்பதை அமெரிக்கக் கடற்படையின் ஜான் கே படமெடுத்தார். ஒலித்தடையை உடைக்கும் கணம் என்று அந்தப் படம் உலகமெங்கும் சுற்றியது. ஒலித்தடையைத் தாண்டினால்தான் இந்த மேகம் வரும் என்றில்லை. ஒலிவேகத்தின் 70 சதவீதத்தைக்கூட எட்டாத மாக் லூப்பில் ஈரமான நாட்களில் இதைச் சாதாரணமாகப் பார்க்கலாம்.

இந்தியாவில் விமானப்படைத் தளங்களைச் சுற்றிப் படமெடுக்கத் தடை இருக்கிறது. தஞ்சாவூரிலோ சூலூரிலோ வேலி ஓரத்தில் நின்று லென்ஸை நீட்டவே கூடாது. பெங்களூரின் எலகங்காவில் நடக்கும் ஏரோ இந்தியா, 2024 அக்டோபர் 6-இல் சென்னை மெரினாவில் நடந்தது போன்ற சாகச நிகழ்ச்சிகள்தான் நமக்கு வழி. அங்கே தூரம் அதிகம், அதனால் கோணவேகம் குறைவு. பின்னணியில் வானம்தான் இருக்கும் என்பதால் ஷட்டரை 1/2000-க்கு மேலேயே வைத்துக்கொள்ளலாம். சூடான தரைக்கு மேலோ மணலுக்கு மேலோ தாழ்வாகப் பார்த்தால் கானல் அலை கூர்மையைக் கெடுக்கும், அதை எந்த விலை லென்ஸாலும் சரிசெய்ய முடியாது. விமானம் உயரே ஏறும் வரை பொறுத்து எடுங்கள்.

பயிற்சிக்கு விமானமே தேவையில்லை என்பதையும் அந்தத் தாள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. மணிக்கு 30 கிலோமீட்டரில் போகிற ஸ்கூட்டர், ஐந்தரை மீட்டருக்குக் கொஞ்சம் உள்ளே நம்மைக் கடந்தால், அதன் கோணவேகமும் நொடிக்கு 88 டிகிரிதான். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது, எதிரே மளிகைக்கடை இருக்கிற எங்கள் வீட்டுத் திண்ணையில் 100 மி.மீ. லென்ஸோடு தினமும் சாயங்காலம் உட்கார்ந்தேன். பாதத்தைத் தெருவின் மேற்குப் பக்கம் வைத்து, உடம்பைக் கிழக்கே முறுக்கி, 1/500. முதல் வாரம் சக்கரங்கள் மட்டும் வந்தன. மூன்றாவது வாரத்தில் ஓட்டுகிறவரின் ஹெல்மெட் கூர்மையாக விழ ஆரம்பித்தது, பின்னால் மளிகைக்கடை கோடுகளாக ஓடியது.

அடுத்த அக்டோபரில் மறுபடி அந்த மலை ஏறினேன். மதியம் இரண்டு மணிக்கு ஒரே ஒரு ஹாக் வந்தது. பதினெட்டுப் படத்தில் ஒன்றில் மலை முழுக்கப் பழுப்பும் பச்சையுமாக இழுபட்டிருந்தது. அதன் நடுவே விமானியின் ஹெல்மெட் கண்ணாடியில், நாங்கள் நின்றிருந்த சரிவும் அதற்கு மேலிருந்த வெள்ளை வானமும் ஒரு மெல்லிய கோட்டில் பிரிந்து தெரிந்தன.