17 வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் இதைப் படித்துவிடுங்கள்

பையனைப் பெற்றவர்கள் என்னிடம் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "அவனுக்கு இன்னும் பதினெட்டு ஆகலை மேடம், கேஸ் நிக்காதுல்ல?" பெண்ணைப் பெற்றவர்கள் கேட்பது வேறு. "அவ மைனர்தானே, நாங்க சொல்றதைத்தானே கோர்ட் கேட்கும்?" இரண்டு கேள்விக்கும் பதில் 'இல்லை' என்பதுதான்.

நான் தென்மாவட்டம் ஒன்றில், குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களை விசாரிக்கும் போக்சோ நீதிமன்றத்திலும், 18 முடியாதவர்கள் மீதான வழக்குகளைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமத்திலும் வழக்கு நடத்தும் வக்கீல். 18 என்ற எண்ணை எல்லோருக்கும் தெரியும். அந்த எண்ணுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு என்னென்ன தடை, என்னென்ன உரிமை என்பதைக் காவல் நிலைய வாசலில் நின்றுதான் தெரிந்துகொள்கிறார்கள். அப்போது தெரிந்து பெரிதாகப் பயனில்லை.

முதலில் ஒன்று. சட்டத்தில் வயது என்பது ஒரே கோடு இல்லை. 14 முடியாத பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். பள்ளி நேரம் போகச் சொந்தக் குடும்பத்துத் தொழிலில் கூடமாட உதவலாம், நடிக்கலாம், அவ்வளவுதான் விலக்கு. 14 முதல் 18 வரை வேலை செய்யலாம், ஆனால் பட்டாசு, சுரங்கம் மாதிரியான ஆபத்தான வேலைகள் கூடாது, இரவு 7 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓட்டு 18-ல், 1989 வரை அது 21 ஆக இருந்தது. ஆணுக்குத் திருமண வயது 21. டாஸ்மாக்கில் பாட்டில் வாங்கவும் 21. எம்.எல்.ஏ. ஆக நிற்க 25. இந்தப் பக்கம் பார்த்தால், 10 வயதுப் பிள்ளை தன் பெயரில் தானே வங்கிச் சேமிப்புக் கணக்கு வைத்து நடத்தலாம் என்று 2025-ல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஆகவே "மைனர் என்றால் ஒன்றும் கிடையாது" என்பதும் தப்பு, "மைனர் என்றால் ஒன்றும் ஆகாது" என்பதும் தப்பு.

"ஒன்றும் ஆகாது" என்ற நினைப்பு அதிகம் சேதம் செய்வது பைக் விஷயத்தில். டியூஷனுக்குப் போக, பால் வாங்கிவர என்று பத்தாம் வகுப்புப் பையன் கையில் சாவியைக் கொடுக்கிறோம். 16 வயதில் ஓட்டச் சட்டம் அனுமதிப்பது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டியை மட்டும், அதுவும் லைசென்ஸ் எடுத்து. கிராமமெங்கும் ஓடும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 கூட அந்தக் கணக்கில் வராது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 199ஏ பிரிவைப் பெற்றோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். மைனர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் குற்றவாளி பெற்றோர் அல்லது வண்டியின் சொந்தக்காரர். 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது முடியும் வரை லைசென்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான் என்றால், அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். அதைவிடப் பெரிய அடி இழப்பீட்டில் விழும். அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கட்டிவிட்டு, லைசென்ஸ் இல்லாதவனிடம் வண்டியைக் கொடுத்ததற்காக அந்தத் தொகையை உங்களிடம் வசூலிக்க வரும். லட்சக்கணக்கில் வரும்.

சரி, பைக் விஷயம் சாவியை ஒளித்து வைத்தால் தீரும். நான் அதிகம் பேச நினைப்பது காதல் வழக்குகளைப் பற்றி.

2012 நவம்பர் 14-ல் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை பாலியல் உறவுக்கான சம்மத வயது 16. போக்சோ அதை 18 ஆக்கியது. 18 முடியாத ஒருவரின் சம்மதம் சட்டத்தின் கண்ணில் சம்மதமே இல்லை. இந்தச் சட்டம் வந்த பிறகுதான் சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், வாத்தியார் என்று நம்பிக்கைக்குள் இருந்துகொண்டு குழந்தைகளைச் சீரழித்தவர்களை நீதிமன்றத்துக்கு இழுத்துவர முடிந்தது. எனவே இந்தச் சட்டம் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் என் மேஜைக்கு வரும் போக்சோ கட்டுகளில் இன்னொரு வகையும் இருக்கிறது.

பிளஸ் டூ படிக்கும் பெண். பேக்கரியில் வேலை பார்க்கும் 19 வயதுப் பையன். விஷயம் தெரிந்து வீட்டில் பெண்ணை அடித்து, போனைப் பிடுங்கி, அவசரமாக மாப்பிள்ளை பார்க்கிறார்கள். இரண்டு பேரும் திருப்பூருக்குப் பஸ் ஏறுகிறார்கள். அப்பா 'மகளைக் காணவில்லை' என்று புகார் கொடுக்கிறார். பத்து நாளில் போலீஸ் கண்டுபிடிக்கிறது. மருத்துவப் பரிசோதனை, அப்புறம் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம். "நான்தான் அவனைக் கூப்பிட்டேன்" என்று அந்தப் பெண் தெளிவாகச் சொல்கிறாள். அதனால் எதுவும் மாறுவதில்லை. பையன் சிறைக்குப் போகிறான். அப்பா வீட்டுக்குப் போக மாட்டேன் என்று பெண் சொன்னதால் குழந்தைகள் நலக் குழு அவளைக் காப்பகத்துக்கு அனுப்புகிறது. பப்ளிக் எக்ஸாம் நெருங்கிவிட்டது. ஹால் டிக்கெட்டை ஒரு மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் அம்மா என் ஆபீசுக்கு வந்தார். "புகாரை வாபஸ் வாங்கிக்கிறோம் மேடம், பிள்ளை பரீட்சை எழுதட்டும்" என்றார். போக்சோ புகாரை அப்படி வாபஸ் வாங்க முடியாது. குழுவிடம் மனுப் போட்டுப் பரீட்சைக்கு மட்டும் அனுமதி வாங்கினோம். பெண் போலீஸ் துணையோடு வந்து எழுதினாள். பையனுக்கு அதற்குள் பேக்கரி வேலை போய்விட்டது.

தண்டனையின் அளவையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பெற்றோருக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, உடலுறவு நடந்திருந்தால் குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு. பெண்ணுக்கு 16 முடியவில்லை என்றால் 20 ஆண்டு. அவள் கர்ப்பமாகிவிட்டால் அது இன்னும் கடுமையான பிரிவில் போய்விடும், அங்கும் குறைந்தபட்சம் 20 ஆண்டு. குற்றம் நிரூபணமானால், இதற்குக் கீழே இறங்க நீதிபதிக்கே அதிகாரம் இல்லை.

பையனும் 17 என்றால்? அப்போது அவன் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போவான். ஆனால் 7 ஆண்டோ அதற்கு மேலோ குறைந்தபட்சத் தண்டனை உள்ள குற்றங்கள் 'கொடிய குற்றம்' என்ற வகையில் வரும். 16 முடிந்த பையன் மீது அப்படி ஒரு வழக்கு வந்தால், குழுமம் அவன் மனநிலையையும் முதிர்ச்சியையும் ஆராய்ந்து, பெரியவனைப் போலவே விசாரிக்கலாம் என்று அனுப்பிவைக்க 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் இடம் உண்டு. யோசித்துப் பாருங்கள். காதலுக்குச் சம்மதம் சொல்லுமளவு விவரம் இல்லாதவன் என்று ஒரு சட்டம் சொல்லும் அதே பையனை, பெரியவனைப் போல விசாரிக்குமளவு விவரம் உள்ளவன் என்று இன்னொரு சட்டம் சொல்ல முடியும். இது நியாயமாக எனக்குப் படவில்லை.

இதை முதலில் சொன்னது நானும் இல்லை. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வி. பார்த்திபன், 16 வயதுக்கு மேற்பட்டவர்களின் சம்மத உறவைப் போக்சோவின் கடுமையிலிருந்து விலக்கலாம், இருவருக்கும் இடையே வயது வித்தியாசம் ஐந்தாண்டு அளவுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்று யோசனை சொன்னார். 2021 ஜனவரியில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இப்படிப்பட்ட ஒரு வழக்கை ரத்து செய்தபோது, வளரிளம் பருவத்துக் காதலர்களைச் சிறைக்கு அனுப்புவது இந்தச் சட்டத்தின் நோக்கமே அல்ல என்ற கருத்தைப் பதிவு செய்தார். 2022 டிசம்பரில் தமிழ்நாடு டிஜிபி, காதல் சம்பந்தப்பட்ட போக்சோ வழக்குகளில் கைதுக்கு அவசரப்பட வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பினார். ஆனால் 2023 செப்டம்பரில் சட்ட ஆணையம் தன் 283-வது அறிக்கையில் வயதைக் குறைக்க வேண்டாம் என்றது. 16-18 வயதினரின் வழக்குகளில் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் தந்தால் போதும் என்றது.

ஆணையத்தின் பயம் எனக்குப் புரிகிறது. 1891-ல் சம்மத வயதை 10-லிருந்து 12 ஆக உயர்த்தவே இந்த நாட்டில் பெரிய எதிர்ப்பு இருந்தது. வயதைக் குறைத்தால் "அவளே சம்மதித்தாள்" என்று 35 வயதுக்காரன் சொல்லித் தப்பிப்பான், குழந்தைத் திருமணத்துக்குக் காதல் என்று பெயர் சூட்டுவார்கள். ஆகவே 18 அப்படியே இருக்கட்டும். ஆனால் வயது நெருக்கமான இருவர், மிரட்டல் இல்லை, ஏமாற்று இல்லை, அதிகாரத்தில் மேல்கீழ் இல்லை என்றால், அந்த வழக்கு விசாரணைக்கே போகாமல் நிற்க ஒரு விலக்கு வேண்டும். தண்டனையைக் கடைசியில் குறைப்பது போதாது. கைது, காப்பகம், தவறிய பரீட்சை, ஊர்ப் பேச்சு, இதெல்லாம் தீர்ப்புக்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிடுகிறது. நாடாளுமன்றம் செய்ய வேண்டிய வேலை இது. அதுவரைக்கும் சட்டம் இப்போது இருக்கிறபடி என்ன என்பதைப் பிள்ளைகளிடம் பேசுவது நம் வேலை. அடிக்காமல், போனைப் பிடுங்காமல் பேசினால் பாதி பேர் பஸ் ஏற மாட்டார்கள்.

கோபத்தில் புகார் கொடுக்கப் போகும் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. மகளுக்கு உண்மையிலேயே கொடுமை நடந்திருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள். பையனின் சாதி பிடிக்கவில்லை என்பதற்காக எழுதிக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், விசாரணையில் முதலில் உடையப்போவது உங்கள் மகள்தான்.

கர்ப்பமான மைனர் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் பயந்து, நாட்டு மருந்து கொடுத்து உயிருக்கே ஆபத்தாக்கிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். டாக்டர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் கருக்கலைப்புக்காக வரும் மைனரின் பெயரையும் அடையாளத்தையும், அவளும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே தயவுசெய்து ஆஸ்பத்திரிக்கே போங்கள். இந்தத் தீர்ப்பை டாக்டரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்தது வயதுக்கான ஆதாரம். பல வழக்குகளின் தலையெழுத்தே இதில்தான் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஐந்து வயது ஆக வேண்டுமே என்று, பிள்ளையின் பிறந்த தேதியைச் சில மாதம் முன்னால் தள்ளிப் போட்ட வீடுகள் நம் ஊரில் ஏராளம். பன்னிரண்டு வருடம் கழித்து அந்தச் சில மாதம்தான் ஒருவரை மைனரா மேஜரா என்று முடிவு செய்கிறது. சட்டப்படி முதலில் பார்ப்பது பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தந்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை. 2023 ஜூலையில் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு போக்சோ வழக்கில், வெறும் டி.சி.யை வைத்து வயதை நிரூபிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லித் தண்டனையை ரத்து செய்தது. பிறப்புச் சான்றிதழும் பள்ளிச் சான்றிதழும் வேறு வேறு தேதி காட்டினால், வழக்கு எதுவும் வருவதற்கு முன்பே திருத்திக்கொள்ளுங்கள். வழக்கு வந்த பிறகு திருத்தப் போனால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பையனைப் போலீஸ் கூட்டிப்போய்விட்டால் என்ன செய்வது? எந்த வழக்காக இருந்தாலும் சரி, 18 முடியாதவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு போடக் கூடாது, அவனிடம் எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது. சீருடை இல்லாத போலீஸ்காரர்தான் அவனைக் கையாள வேண்டும். பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். நீங்கள் போகும்போது வயதுச் சான்றிதழின் நகலைக் கையோடு கொண்டுபோங்கள். வாயால் சொல்வதைவிட அந்தக் காகிதம் வேகமாக வேலை செய்யும். ஜாமீன்தான் விதி. கெட்ட சகவாசத்துக்கோ ஆபத்துக்கோ ஆளாவான், அல்லது நீதியின் நோக்கம் கெடும் என்று குழுமம் கருதினால்தான் மறுக்கலாம், அதற்கும் காரணத்தை எழுத வேண்டும். பெரியவனாக விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றால் ஒழிய, இந்த வழக்கால் அவனுக்குப் பின்னால் வேலையிலோ படிப்பிலோ தகுதியிழப்பு வரக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவு சொல்கிறது. பெயரையும் போட்டோவையும் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது குற்றம். அதை முதலில் செய்வது பெரும்பாலும் சொந்த ஊர்க்காரர்கள்தான் என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

இதை இளைஞர்களே படித்தால், உங்களுக்கு இரண்டு விஷயம். 18 முடிவதற்குள் உங்களுக்குக் கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள் என்றால் அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பெண்ணானால் 20 வயது முடிவதற்குள் நீதிமன்றத்தில் மனுப் போட்டு அந்தத் திருமணத்தையே ரத்து செய்யலாம். கல்யாணத்தில் கொடுத்த நகையும் பணமும் திருப்பித் தரப்பட வேண்டும், பெண்ணுக்கு ஜீவனாம்சமும் உண்டு. இன்னும் கல்யாணம் நடக்கவில்லை, நிச்சயம் வரைக்கும் போய்விட்டது என்றால் 1098 போதும், மாவட்டச் சமூக நல அலுவலர் வந்து நிறுத்துவார். யார் அழைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, 18 முடிந்த பெண்ணும் 18 முடிந்து 21 ஆகாத பையனும் சேர்ந்து வாழ முடிவு செய்தால், இருவரும் மேஜர், சேர்ந்து வாழ உரிமை உண்டு என்று 2018-ல் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பையனுக்குத் திருமண வயது வராததால் அவளைப் பிரித்து அப்பாவிடம் ஒப்படைக்க முடியாது.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் 18 முடியாதவர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். நேரில் போக முடியாவிட்டால் 15100-க்குப் போன் செய்யலாம். பிள்ளைகள் தாங்களே அழைக்கலாம், பெரியவர் யாரும் கூட இருக்க வேண்டியதில்லை.