படையே இல்லாத நாடு படையினருக்குக் கொடுத்த பயிற்சி

ஐஸ்லாந்துக்கு இராணுவம் கிடையாது. நான்கு இலட்சத்துக்கும் குறைவான சனத்தொகை, ஒரு கரையோரக் காவல்படை, பொலிஸ், அவ்வளவுதான். 1949இல் நேட்டோவைத் தொடங்கிய நாடுகளில் அதுவும் ஒன்று, ஆனாலும் இன்றுவரை சொந்தப் படை வைத்துக்கொள்ளவில்லை. அந்த நாட்டு வெடிபொருள் நிபுணர்கள் 2023இல் லித்துவேனியாவுக்குப் போய், கண்ணிவெடிகளையும் வெடிக்காத குண்டுகளையும் எப்படிக் கையாள்வது என்று உக்ரேன் படையினருக்குப் பயிற்சி கொடுத்தார்கள் என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். இலங்கையின் வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை செய்து, பிறகு புதிதாகச் சேர்பவர்களுக்குப் பழக்கிவிடும் பொறுப்புக்கு வந்தவள் நான். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

1940 மே 10ஆம் தேதி பிரித்தானியப் படை ஐஸ்லாந்தில் இறங்கியது, அடுத்த ஆண்டு அமெரிக்கர்கள் வந்தார்கள், சுட்டுப் பழகினார்கள், போனார்கள். வெடிக்காத குண்டுகள் மண்ணிலேயே கிடந்துவிட்டன. அவற்றை அப்புறப்படுத்துவது கரையோரக் காவல்படையின் வெடிபொருள் அணியின் வேலை. அதோடு அந்நாட்டின் கெஃப்லாவிக்கில் ஆண்டுதோறும் பல நாட்டு அணிகள் கூடிப் பழகும் ஒரு பெரிய வெடிபொருள் அகற்றல் பயிற்சியையும் இவர்கள்தான் நடத்துகிறார்கள். அதாவது உக்ரேன் போருக்கு வெகு காலம் முன்பிருந்தே இவர்களுக்கு இது பழகிய வேலை. பெரிய படை வைத்திருப்பது வேறு, ஒரு வேலையை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிவது வேறு.

இந்த வேலையை மைதானத்தில் நூறு பேரை வரிசையாக நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியாது. பழகுபவருடைய கையைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவர் எங்கே அவசரப்படுகிறார், எப்போது சலித்துப் போகிறார், எதைத் தெரிந்த மாதிரி நடிக்கிறார் என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும். அதனால் பத்து நல்ல பயிற்சியாளர்களை அனுப்பும் சின்ன நாடு செய்வதும் பெரிய உதவிதான், அந்தப் பத்துப் பேரிடம் பழகியவர்கள் ஊருக்குப் போய் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள் என்றால். எங்களுக்கும் ஆரம்பத்தில் வெளிநாட்டவர்கள்தான் பழக்கினார்கள், இன்று எங்கள் ஊர்ப் பெண்களே பழக்குகிறார்கள்.

ஆனால் ஓர் இடத்துப் பாடத்தை அப்படியே தூக்கி இன்னோர் இடத்தில் வைக்க முடியாது. இங்கே பி-4 மிதிவெடியில் உலோகம் மிகக் குறைவு, ஜொனி மிதிவெடிக்குப் பலகைப் பெட்டி. உலோகம் காட்டும் கருவியை மட்டும் நம்பினால் போதாது என்றுதான் யாழ்ப்பாணப் பக்கத்தில் நீண்ட பிடி போட்ட றேக்கால் மண்ணை வாரியெடுக்கும் முறையே உருவானது. உக்ரேனில் கதை வேறு. டாங்கிகளுக்காகப் புதைத்த டிஎம்-62 ஒரு பக்கம், வானத்திலிருந்து தூவிய, உள்ளங்கையளவு பிளாஸ்ரிக் மிதிவெடியான பிஎஃப்எம்-1 இன்னொரு பக்கம், அதற்கு மேல் ஆள் நடந்து வரும் நில அதிர்வை உணர்ந்தே வெடிக்கும் பிஓஎம்-3. பிந்தியதைக் கிட்டப் போய்ப் பார்க்கவே கூடாது. போர்முனையிலிருந்து வந்து வகுப்பில் உட்காரும் சிப்பாய் இவற்றில் சிலதைப் பயிற்சியாளரைவிட அதிகமாகப் பார்த்திருப்பான், நல்ல பயிற்சியாளர் முதலில் அவனைக் கதைக்க விடுவார். இதற்கு நடுவே மொழிபெயர்ப்பாளர் வேறு. வெடியைக் கிளப்பும் பியூஸைப் பற்றி ஒரு சொல் பிழையாகப் போனாலும் கை போய்விடும், ஆகவே மொழிபெயர்ப்பாளருக்கும் முதலில் பாடம் எடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படைக்குத் தேவை ஒரு பாதை, வாகனம் போய்ச் சேர்ந்தால் போதும், இரு பக்கமும் கிடப்பது கிடக்கட்டும். எங்களுக்கு அப்படி இல்லை, அந்த நிலத்தில் ஒருவர் மண்வெட்டி போடப்போகிறார், பிள்ளை ஓடப்போகிறது. சில வாரம் பழகிய சிப்பாயிடம் ஊரைச் சுத்தம் செய்யச் சொன்னால் அது ஆபத்து. ஆனாலும் வெடிபொருளை இனங்காணுவது, குறியிடுவது, ஒழுங்குக்கு அடங்கி நடப்பது எல்லாம் இரண்டு வேலைக்கும் ஒன்றுதான். போர் முடிந்த பிறகும் பயன்படப்போகிற இராணுவ உதவி எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஆபத்து இருக்கக்கூடிய நிலம் 1,74,000 சதுர கிலோமீட்டர் என்று 2023இல் உக்ரேன் தரப்பு கணக்குச் சொன்னது. இரண்டரை இலங்கையைவிடப் பெரிது. எங்கள் போர் 2009இல் முடிந்தது, போர்முனையாக இருந்த முகமாலையில் எத்தனை ஆண்டு மிதிவெடி அகற்றும் வேலை நடந்தது என்று எங்கள் சனத்துக்குத் தெரியும்.

உக்ரேனுக்கான கண்ணிவெடி அகற்றல் கூட்டணிக்கு லித்துவேனியாவும் ஐஸ்லாந்தும் சேர்ந்து தலைமை தாங்குகின்றன. அதே லித்துவேனியா மிதிவெடித் தடை ஒப்பந்தத்திலிருந்து விலக 2025 மே மாதம் முடிவெடுத்து, டிசம்பரில் விலகியும் விட்டது. பக்கத்திலுள்ள ரஷ்யா அந்த ஒப்பந்தத்தில் சேரவே இல்லை, அவர்களின் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் என்னால் இதை ஏற்க முடியவில்லை. புதைப்பவர் ஒரு நாளில் புதைத்துவிட்டுப் போவதை எடுக்க எத்தனை பேர், எத்தனை மாதம் முழங்காலில் இருக்க வேண்டும் என்று நான் பார்த்திருக்கிறேன். இலங்கை 2017இல் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது எங்களுக்கு அது சின்ன விஷயமாக இருக்கவில்லை.

சரி, வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்து காணியைத் துப்புரவு செய்கிறவர்களுக்கும், பழைய இரும்பு பொறுக்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன், படையினருக்கும் இதுதான் முதல் வகுப்பு. தெரியாத பொருளைத் தொடாதீர்கள், காலால் தட்டாதீர்கள், படம் எடுக்கக் கிட்டப் போகாதீர்கள். வந்த தடத்திலேயே திரும்பி நடந்து, மற்றவர்கள் அந்தப் பக்கம் போகாமல் தூரத்திலேயே ஓர் அடையாளம் வைத்துவிட்டு பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அழையுங்கள், இல்லாவிட்டால் கிராம சேவையாளரிடம் சொல்லுங்கள். வளவில் கூட்டிய குப்பையை அந்த இடத்திலேயே குவித்து நெருப்பு வைக்காதீர்கள், அடியில் எறிகணை கிடந்தால் சூட்டுக்கே வெடிக்கும்.